அமில மழை: அளந்த ஊர்களும் அளக்காத கடலும்

நான் குடியிருப்பது கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்னும் ஊர். தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம் உண்டு. ஊரில் இருக்கும் உறவினர்கள் கடித உறையைப் பார்த்துவிட்டு, "வண்டி நிறுத்தும் இடத்திலா வீடு பிடித்திருக்கிறாய்?" என்று கேட்பார்கள். உண்மையில் இது பழைய மீன்பிடித் துறை. பின்னாளில் தொழிற்சாலைகளின் ஊர். ரோடிங் ஆறு தேம்ஸில் கலக்கும் கழிமுகத்துக்கு கிரீக்மவுத் என்று பெயர். விடுமுறை நாட்களில் அங்கே நடக்கப் போவதுண்டு. வெள்ளத் தடுப்புக் கதவு, கிடங்குகள், லாரிகள், நாணல். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அமில மழையின் வரலாற்றில் பல அத்தியாயங்கள் இந்த ஒரு மைல் சுற்றளவைத் தொட்டுச் சென்றிருக்கின்றன என்பது படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். வேதியியல் அறிஞன் அல்லன். இருப்பினும் எங்கோ எழும் புகை வேறெங்கோ மழையாக இறங்குவதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், எப்படிக் கணக்கு வைத்தார்கள், அந்தக் கணக்கு நம் பக்கத்துக் கடலில் ஏன் இன்னும் முழுமையாக இல்லை என்பவற்றைத் தமிழில் ஓரிடத்தில் தொகுத்து வைப்பது பயனுடையது என்று தோன்றியது.

அமில மழை என்பது என்ன?

மழைநீர் இயல்பிலேயே சிறிது அமிலத்தன்மை உடையது. காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கரைவதால், மாசில்லாத மழையின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.6 இருக்கும். 7 என்பது நடுநிலை; எண் குறையக் குறைய அமிலம் கூடும். இந்த அளவுகோல் ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்காக மாறுவது. அதாவது 4.6 என்னும் மழையில் 5.6 மழையைவிடப் பத்து மடங்கு அமிலம் உண்டு.

நிலக்கரியிலும் எண்ணெயிலும் உள்ள கந்தகம் எரியும்போது கந்தக டை ஆக்சைடு ஆகிறது. உலைகளிலும் வாகன எஞ்சின்களிலும் உள்ள உயர்வெப்பத்தில் காற்றின் நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. இவ்விரண்டும் காற்றில் மிதந்து செல்கையில் முறையே கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறுகின்றன. இந்த மாற்றத்துக்குச் சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை பிடிக்கும். அதற்குள் காற்று பல நூறு கிலோமீட்டர் கடந்துவிடுகிறது. அமில மழைச் சிக்கலின் சூட்சுமம் முழுவதும் இந்தக் கால இடைவெளியில்தான் இருக்கிறது. புகைத்தவன் ஓரிடம், நனைந்தவன் வேறிடம்.

அமிலம் மழையாக மட்டுமே இறங்குவதில்லை. பனிமூட்டமாகவும், வாயுவாகவும், நுண்துகளாகவும் வறண்ட நிலையிலேயே இலைகள்மீதும் மண்மீதும் படிகிறது. ஆகவே அறிவியலார் 'அமிலப் படிவு' என்னும் பொதுச் சொல்லையே விரும்புகிறார்கள்.

கழிமுகத்து உர ஆலையும் ஒரு மழைமானியும்

ஜான் பென்னட் லாஸ் என்பவர் 1842-இல் ஒரு காப்புரிமை பெற்றார். எலும்பு முதலான பாஸ்பேட் பொருள்களைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்துச் செடி எளிதில் உறிஞ்சும் உரமாக்கும் முறை அது. சூப்பர் பாஸ்பேட் என்று நம் விவசாயிகள் இன்றும் வாங்குவது அதன் வழித்தோன்றலே. முதல் ஆலை டெப்ட்ஃபோர்டில் எழுந்தது. 1857 முதல் பார்க்கிங் கழிமுகத்தில் பெரிய ஆலையும் அதற்குத் தேவையான கந்தக அமில உற்பத்தியும் நடந்தன. தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்புதான் கிரீக்மவுத் கிராமம். ஆற்றுக்கு அப்பால் 1870-இல் பெக்டன் எரிவாயு ஆலையும் வந்து சேர்ந்தது. லண்டன் நகரின் எல்லைக்கு வெளியே, காற்று கிழக்கே அடித்துச் செல்லும் இடமாகப் பார்த்துத்தான் இத்தகைய நாற்றத் தொழில்களை அமர்த்தினார்கள்.

அமிலம் காய்ச்சிச் சேர்த்த அந்தச் செல்வத்தைக் கொண்டு லாஸ் செய்த இன்னொரு காரியம்தான் நமக்கு முக்கியம். ஹார்ப்பெண்டன் அருகே தம் பண்ணையான ரோத்தம்ஸ்டெட்டில் 1843 முதல் ஆய்வு வயல்களை நடத்தி வந்தார். அங்கே 1853-இல் ஓர் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்புள்ள பெரிய மழைமானியை நிறுவினார். மழையளவைக் குறித்ததோடு நிற்கவில்லை. 1850-களின் நடுவிலேயே அந்த மழைநீரில் அம்மோனியா எவ்வளவு, நைட்ரிக் அமிலம் எவ்வளவு என்று பகுத்துப் பார்த்தார்கள். நோக்கம் மாசு அன்று. வானம் இலவசமாகத் தரும் உரம் எவ்வளவு என்று அறியும் உர வணிகரின் அக்கறை. ஆனால் காரணம் எதுவாயினும் கணக்கு கணக்குதான். பிற்காலத்தார் அமிலப் படிவின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்தபோது, ரோத்தம்ஸ்டெட்டில் புட்டிகளிலும் தகரங்களிலும் சேமித்து வைத்திருந்த பழைய வைக்கோலும் புல்லும் மண்ணும் சாட்சி சொல்ல முன்வந்தன.

ஏறக்குறைய அதே காலத்தில் மான்செஸ்டரில் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர், நகரத்தை நெருங்க நெருங்க மழையில் அமிலம் கூடுவதைக் கண்டார். 1863-ஆம் ஆண்டின் ஆல்கலிச் சட்டப்படி, ஆலைகளின் அமிலப் புகையைக் கண்காணிக்கும் முதல் ஆய்வாளராக அமர்ந்தவர் அவரே. 1872-இல் அவர் எழுதிய 'காற்றும் மழையும்' என்னும் நூலின் வழியாகத்தான் 'அமில மழை' என்ற சொல் நிலைபெற்றது. நூல் வந்து ஏறத்தாழ நூறாண்டு அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உயரமான புகைபோக்கி என்னும் எளிய தீர்வு

1925-இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பார்க்கிங் மின்நிலையத்தைத் திறந்து வைத்தார். தேம்ஸ் வழியே கப்பலில் நிலக்கரி வந்தது, லண்டனுக்கு விளக்கெரிந்தது. 1981-இல் மூடும் வரை கிரீக்மவுத்தின் வானத்தை அதன் புகைபோக்கிகளே ஆண்டன.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைப்பனியில் 4,000 பேர் வரை இறந்ததாக அன்று கணக்கிட்டனர். பின்வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அதன் விளைவு 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம். 1961-இல் புகையையும் கந்தக டை ஆக்சைடையும் நாடு முழுவதும் அளக்கும் தேசியக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் நாள்தோறும் அளந்தார்கள். ஒரு நாடு தழுவிய காற்றளவு வலைப்பின்னல் உலகில் அமைந்தது அதுவே முதன்முறை.

சட்டம் வீட்டு அடுப்புகளை அடக்கியது. மின்நிலையங்களுக்குச் சொன்ன வழியோ வேறு: ஊருக்கு வெளியே கட்டு, புகைபோக்கியை உயர்த்து. யார்க்ஷயரில் 1970-களில் எழுந்த டிராக்ஸ் நிலையத்தின் புகைபோக்கி 259 மீட்டர் உயரம். உள்ளூர் அளவுமானிகளில் எண்கள் அழகாக இறங்கின. புகைபோக்கி உயர்ந்ததே தவிர, கந்தகம் ஒரு கிலோகூடக் குறையவில்லை. வீட்டுக் குப்பையை மதிலுக்கு அப்பால் வீசிவிட்டு முற்றம் சுத்தமாகிவிட்டது என்று மகிழ்வதைப் போன்றது இது.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 1930-களிலேயே லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்தில் புகையைத் தேம்ஸ் நீரால் கழுவிக் கந்தகத்தைப் பிரித்திருக்கிறார்கள். செலவு மிகுதி, கழுவிய நீர் ஆற்றைக் கெடுத்தது என்ற குறைகள் உண்மையே. ஆனால் தொழில்நுட்பம் கைக்கெட்டாததல்ல என்பது அன்றே தெரிந்துவிட்டது.

மழையை எப்படி அளக்கிறார்கள்?

ஒரு பாத்திரத்தை வெளியே வைத்து மழைநீரைப் பிடித்தால் போதாதா என்று தோன்றும். போதாது. மழை இல்லாத நாட்களில் தூசியும் பறவை எச்சமும் விழும். நீர் வெயிலில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தைத் தின்றுவிடும். ஆகவே நல்ல நிலையங்களில், முதல் துளி பட்டதும் மூடி தானே திறந்து மழை நின்றதும் மூடிக்கொள்ளும் கருவி இருக்கும். நீரைக் குளிரில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

அங்கே பி.எச். மட்டும் பார்ப்பதில்லை. சல்பேட், நைட்ரேட், குளோரைடு ஆகிய எதிர்மின் அயனிகளையும், அம்மோனியம், கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், ஹைட்ரஜன் ஆகிய நேர்மின் அயனிகளையும் தனித்தனியே அளக்கிறார்கள். இரு பக்கத்துக் கூட்டலும் சமமாக வர வேண்டும். ஏனெனில் மழைத்துளிக்கு மின்னூட்டம் இல்லை. சமமாகாவிட்டால் எங்கோ பிழை. கணினியில் ஒரு கோப்பு பழுதின்றி வந்து சேர்ந்ததா என்று அறியச் சரிபார்ப்பு எண் வைப்போமே, அதைப்போல இயற்கையே வைத்துள்ள சரிபார்ப்பு எண் இது.

பி.எச். மட்டும் ஏன் போதாது என்பதற்கு இந்தியாவே நல்ல எடுத்துக்காட்டு. நம் வறண்ட மண்ணின் தூசியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது அமிலத்தை முறித்துவிடுவதால், சல்பேட் நிறைய இருந்தும் மழை காரமாகவே தெரியும். 'இந்தியாவில் அமில மழை இல்லை' என்று நெடுங்காலம் நிம்மதியாக இருந்ததற்கு இதுவே காரணம். கொடைக்கானல், மினிக்காய், போர்ட் பிளேர் உள்ளிட்ட பத்து இடங்களில் இந்திய வானிலைத் துறை 1970-களில் இருந்து மழைநீரைச் சேகரித்துப் பகுத்து வருகிறது. பல பத்தாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்க்கையில், பி.எச். மெல்லச் சரிவதும் நைட்ரேட் ஏறுவதும் தெரிகின்றன. மண் இத்தனை காலம் நம் கடனை அடைத்து வந்திருக்கிறது; அதன் இருப்பும் அளவுள்ளதே.

இன்னொன்று, இடத் தேர்வு. நகரத்தின் காற்றை அறியச் சாலையோரத்தில் கருவி வைக்கலாம். நாடுகளுக்கிடையே வரும் மாசை அறிய வேண்டுமானால், உள்ளூர்ப் புகை தொடாத மேட்டிலோ தீவிலோ வைக்க வேண்டும். பிரிட்டனில் ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மியூர், ஆக்கன்கார்த் மாஸ் போன்ற ஆளரவமற்ற இடங்களில் இத்தகைய நிலையங்கள் இயங்குவதன் காரணம் அதுதான்.

யாரிடமிருந்து யாருக்கு?

1960-களின் இறுதியில் ஸ்வீடனின் ஸ்வாந்தே ஓடேன் என்ற மண்ணியல் அறிஞர், தம் நாட்டு ஏரிகளும் மழையும் அமிலமாவதற்குப் பிரிட்டனிலும் நடு ஐரோப்பாவிலும் எரியும் நிலக்கரியே காரணம் என்றார். தென் நார்வேயில் ஏரிகள் மீனற்றுப் போயின. 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மனிதச் சூழல் மாநாட்டில் ஸ்வீடன் இந்த வழக்கைப் பொதுவில் வைத்தது. அதே மாநாட்டில் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி வறுமையையும் சூழலையும் சேர்த்துப் பேசியது பலருக்கு நினைவிருக்கும்.

பிரிட்டிஷ் தரப்பு முதலில் ஒப்பவில்லை. 'எங்கள் புகைதான் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்றது. வழக்காடிப் பயனில்லை, அளக்கத்தான் வேண்டும். ஐரோப்பிய நாடுகள் கூடி, ஒரே முறையில் ஒரே நாளில் மாதிரி எடுக்கும் கூட்டுத் திட்டத்தை 1977-இல் அமைத்தன. எமெப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்திட்டத்தின் வேதியியல் மையம் நார்வேயில் உள்ளது. 1979-இல் ஜெனிவாவில் கையெழுத்தான 'நெடுந்தொலைவு எல்லை கடந்த காற்று மாசு உடன்படிக்கை'க்கு அதுவே முதுகெலும்பு ஆயிற்று.

எமெப் தந்தவற்றுள் மிகவும் வலுவானது ஓர் அட்டவணை. நெடுக்கில் புகைவிடும் நாடுகள், கிடையில் அதைப் பெறும் நாடுகள். ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை டன் கந்தகம் என்று ஓர் எண். நம் ஊரில் மொய் எழுதும் நோட்டைப் போன்றது. யார் யாருக்கு எவ்வளவு வைத்தார்கள் என்பதை மறைக்க முடியாது. 1985-இல் கந்தகத்தை 30 விழுக்காடு குறைக்கும் ஹெல்சிங்கி நெறிமுறையில் சேர மறுத்த பிரிட்டன், 1994-இன் ஆஸ்லோ நெறிமுறையில், 1980-இன் அளவிலிருந்து 2010-க்குள் 80 விழுக்காடு குறைப்பதாக ஒப்புக்கொண்டது. 1990-களில் டிராக்ஸ் நிலையத்திலும் கந்தகம் நீக்கும் கருவி வந்தது. 1970-இல் ஆண்டுக்கு 60 லட்சம் டன்னுக்கு மேலிருந்த பிரிட்டனின் கந்தக டை ஆக்சைடு, 2020-களில் 2 லட்சம் டன்னுக்கும் கீழ். 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. இன்று பிரிட்டிஷ் விவசாயிகள் பலர் கந்தகத்தை உரமாக விலைகொடுத்து வாங்கிப் போடுகிறார்கள். முன்பு புகைபோக்கிகள் இலவசமாகப் பெய்தது இப்போது பெய்வதில்லை.

ஆசியாவின் கணக்கு

கிழக்காசியாவில் ஜப்பான் முன்னின்று அமைத்த அமிலப் படிவு வலைப்பின்னல் 2001 ஜனவரியில் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. சீனா, கொரியா, தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா உள்ளிட்ட 13 நாடுகள் அதில் உள்ளன. ஆய்வு மையம் ஜப்பானின் நீகாட்டாவில்.

தெற்காசியாவில் 1998 ஏப்ரலில் மாலே பிரகடனம் கையெழுத்தானது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், பூட்டான், மாலைதீவு, ஈரான் ஆகிய எட்டு நாடுகள், எல்லை கடந்த காற்று மாசைச் சேர்ந்து அளப்போம் என்று உறுதி கூறின. பயிற்சிகள் நடந்தன, நிலையங்கள் சில எழுந்தன. ஆனால் ஐரோப்பாவைப் போல நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாக அது வளரவில்லை. கால் நூற்றாண்டு கடந்தும் தெற்காசியாவில் அப்படியொன்று இல்லை.

அறிவியல் இல்லாமற் போகவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன் முன்னின்று நடத்திய 1999-ஆம் ஆண்டின் இந்தியப் பெருங்கடல் ஆய்வு, வாடைக்காலத்தில் துணைக்கண்டத்தின் புகை பழுப்பு மேகமாகக் கடல்மீது நெடுந்தூரம் பரவுவதை விமானங்களையும் கப்பல்களையும் கொண்டு காட்டியது. மாலைதீவின் ஹனிமாதூ தீவில் அதற்கென ஒரு நிரந்தர நிலையமும் அமைந்தது.

யாழ்ப்பாணத்துக்கு வந்த புகை

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் சுழன்றபோது, இலங்கையின் காற்று திடீரென்று கெட்டது. யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை மங்கலான புகைமூட்டம். டிசம்பர் 9 அன்று நாடெங்கும் அரசுப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். இந்தியாவிலிருந்து காற்றில் வந்த மாசே முக்கியக் காரணம் என்று இலங்கை அதிகாரிகள் கூறினர்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே கூற்று நம்பத்தக்கதே. ஆனால் எந்த மாநிலத்தின் எந்த உலையிலிருந்து எவ்வளவு? வயல் எரிப்பா, மின்நிலையமா, வாகனமா? இருநாட்டு நிலையங்களும் ஒரே முறையில் அளந்து பகிர்ந்துகொண்ட எண்களில் எழுந்த ஓர் அட்டவணை இருந்திருந்தால் விடை கிடைத்திருக்கும். அது இல்லாததால் பள்ளிக்கூடம் மூடியதோடு விஷயம் முடிந்தது. தென்மேற்குப் பருவத்தில் காற்று திசை மாறும். அப்போது புத்தளம் நுரைச்சோலையில் உள்ள 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தின் புகைக்கும் இதே கேள்வி பொருந்தும். மன்னார் வளைகுடாவின் ஒரு கரையில் தூத்துக்குடி, மறுகரையில் நுரைச்சோலை. நடுவில் யாரும் கணக்கு எழுதாத கடல்.

இந்தியா 2015 டிசம்பரில் மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு உச்சவரம்பு விதித்து இரண்டாண்டு கெடு கொடுத்தது. கெடு பலமுறை நீண்டது. 2025 ஜூலையில், பெருநகரங்களுக்கும் மாசு மிகுந்த இடங்களுக்கும் அருகில் இல்லாத நிலையங்களுக்கு, அதாவது முக்கால்வாசிக்கும் மேற்பட்டவற்றுக்கு, அந்த வரம்பிலிருந்து விலக்கு கிடைத்தது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, நகரங்களின் காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள் இருக்கிறது, கருவிகளின் செலவு அதிகம் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நிலையத்தருகே வாயு குறைவாகத் தெரிவது, அது சல்பேட் துகளாக மாறித் தொலைவுக்குப் போய்விட்டதாலும் இருக்கலாம். விலக்குக்கு விதித்த நிபந்தனையைப் படித்தபோதுதான் எனக்குத் திடுக்கிட்டது: புகைபோக்கி குறிப்பிட்ட உயரம் இருக்க வேண்டுமாம். டிராக்ஸின் 259 மீட்டர் நினைவுக்கு வந்தது.

நாம் கேட்க வேண்டியது

பார்க்கிங்கை உள்ளடக்கிய இந்த மாநகர வட்டாரத்தில் ரஷ் கிரீன், ஸ்க்ராட்டன்ஸ் ஃபார்ம் போன்ற இடங்களில் காற்றளவு நிலையங்கள் நெடுங்காலம் இயங்கின. லண்டன் காற்றுத்தர வலைப்பின்னலின் எண்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். ஏ13 நெடுஞ்சாலையின் வாகனப் புகை இன்றும் இங்கே பெரிய தொல்லைதான். எண்கள் இருப்பதால் அதைப் பற்றி நகர மன்றத்தோடு வாதாட முடிகிறது.

நம்மில் பலருக்கு ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாக வாழ்க்கை. ஊரில் கோயில் திருப்பணிக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் பணம் அனுப்புகிறோம், நல்லதுதான். அதோடு ஒரு கேள்வியையும் அனுப்பலாம். இராமேசுவரத்திலும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பெய்யும் மழையை யார் பகுத்துப் பார்க்கிறார்கள், அந்த எண்கள் எங்கே கிடைக்கும் என்று. இரு கரைப் பல்கலைக்கழகங்களும் ஒரே வகைக் கருவியை வைத்து, ஒரே நாளில் நீரைப் பிடித்து, முடிவுகளைப் பொதுவில் இட்டால் தொடக்கத்துக்கு அது போதும். லாஸின் மழைமானி ஒரு தனிமனிதர் தம் பண்ணையில் வைத்ததே. அதில் விழுந்த நீரைத் தவறாமல் எழுதி வைத்ததால்தான் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது பேசுகிறது.